விளக்கும் குழாயும் இல்லாத ஆற்றங்கரை

கூடாரத்தைக் காரில் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து தெற்கே கிளம்புகிறவர்கள் இப்போது காட்டேஜைத் தேடுவதில்லை. மின்விளக்கு, குழாய்த் தண்ணீர், கேன்டீன் எதுவும் இல்லாத ஓர் ஓடைக்கரை வேண்டும் என்கிறார்கள். நியாயமான ஆசைதான். மதுராந்தகம் வட்டாரத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் வசதி குறையக் குறைய கட்டுப்பாடு கூட வேண்டும், அந்தக் கட்டுப்பாடு ஊர்க்காரர்கள் கையில் இருக்க வேண்டும் என்பேன்.

காரணம் தண்ணீரிலேயே இருக்கிறது. மதுராந்தகம் ஏரி நிரம்பினால் உபரிநீர் கிளியாறு வழியாகப் பாலாற்றுக்குப் போகிறது. கோடையில் கிளியாற்று மணல் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். கூடாரம் அடிக்க அதைவிட வாகான இடம் இல்லை என்று தோன்றும். வடகிழக்குப் பருவமழையிலோ, கூடாரத்தின் மேல் ஒரு தூறல்கூட விழாமல் வெள்ளம் வந்துவிடும். மேலே உள்ள ஏரிகள் வழிந்தாலே போதும். ஏரி நிரம்பும் ஆண்டுகளில் கரையோரக் கிராமங்களுக்கு எச்சரிக்கை விடுவது இதனால்தான். இந்த ஏரியின் கரை உடைந்துவிடுமோ என்று கலெக்டர் லயனல் பிளேஸ் 1790-களில் பட்ட கவலைதான் ‘ஏரி காத்த ராமர்’ கதையாக இன்றும் மதுராந்தகம் கோயிலில் நிற்கிறது. ஆகவே ஆற்றுப்படுகையில் கூடாரம் கூடவே கூடாது, மேட்டு நிலத்தில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதுவும் வேண்டாம்.

ஊர் காவல் சாத்தியமா என்று கேட்பவர்கள் பக்கத்து வேடந்தாங்கலைப் பார்க்கலாம். சுமார் 30 ஹெக்டேர் ஏரி; சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1936-இல். அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே பறவைகளைக் காத்தவர்கள் ஊர்க்காரர்கள். வேட்டைக்குத் தடை கேட்டு அதே பிளேஸிடம் போனவர்களும் அவர்கள்தான். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. ஆதாயம் கண்ணெதிரே இருந்தது, காவலும் நிலைத்தது.

கழிப்பறை இல்லாவிட்டால் கரை நாறாதா? நூறு பேர் வந்தால் நாறும். பத்துப் பேர் என்றால், நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூடினால் மண்ணே பார்த்துக்கொள்ளும். சோப்பு ஓடைக்குள் போகக் கூடாது, ‘இயற்கை சோப்பு’ என்று அட்டையில் எழுதியிருந்தாலும்! எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத இடத்தில் இதெல்லாம் வெறும் உபதேசம்.

ஆபத்து என்பது இன்னும் கனமான ஆட்சேபம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறியவர்களைச் சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்தை ஒரேயடியாக மூடிவிடவில்லை. அதே ஆண்டு விதிகள் வகுத்தது. 2024-இல் 40 பாதைகளைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு திறந்தது. காய்ந்த புல் நிற்கும் மாதங்களில் கிளியாற்றுக் கரையிலும் தீ மூட்டத் தடை வேண்டும். சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு போதும்.

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் காலம் சரி. வேடந்தாங்கலில் பறவைகள் குஞ்சு பொரித்து வளர்க்கும் பருவமும் அதுவே என்பதால், முகாம் அந்த ஏரியை விட்டுத் தள்ளியே இருக்க வேண்டும். கட்டணம் ஊராட்சிக்குப் போகட்டும். எந்த நாளில் முகாமை மூடுவது என்ற முடிவும் அங்கேயே இருக்கட்டும். ஏரியில் ஷட்டர் திறக்கப் போகிறார்கள் என்ற சேதி முதலில் எட்டுவது கரையோர ஊர்களுக்குத்தான்.