தலைவலி பிள்ளைக்கு, நோய் ஜீப்புக்கு!



சுகாதாரப் பகுதியில் இந்த முறை கிளச்சையும் புகைக்குழாயையும் பற்றி எழுதப் போகிறேன். "டிரெசருக்கு என்ன ஆச்சு, மருந்தை விட்டுட்டு ஸ்பேனரைத் தூக்கிட்டாரா?" என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள். ஒரு பழைய லேண்ட் ரோவரைச் சரியாகப் பார்க்கத் தெரியாததால் நான் பல நாள் தப்பு வைத்தியம் செய்தேன். அந்தத் தப்பு வேறு தோட்டத்தில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அதில் உள்ளே தள்ளி ஒரு டிவிஷன். அங்கிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கும், நோயாளிகளைக் கிளினிக்குக்கும் ஏற்றி வர ஒரு பழைய பெட்ரோல் லேண்ட் ரோவர் ஓடியது. மழை பெய்தால் செம்மண் பாதையில் வேறு வண்டி ஏறாது.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு தாய் தன் பையனைக் கூட்டி வந்தார். "ஐயா, புள்ளைக்குத் தலை வலிக்குதாம், வாந்தி எடுக்கிறான்" என்றார். பிரயாண வாந்தி என்று மாத்திரை கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னும் இரண்டு பிள்ளைகள். பள்ளிச் சிற்றுண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து உப்புச் சர்க்கரை நீர் கொடுத்தேன். மறு வாரம் அதே பையன் மறுபடியும் வந்தான். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. அப்போது அந்தத் தாய் சொன்ன ஒரு வார்த்தை என் காதில் விழுந்தும் மனத்தில் விழவில்லை: "ஞாயித்துக்கிழமை நல்லாத்தான் விளையாடுறான் ஐயா."

அதற்கு அடுத்த வாரம், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் மாதப் பரிசோதனைக்கு அதே வண்டியில் வந்து இறங்கினார். இறங்கியவர் நிற்க முடியாமல் தள்ளாடினார். பெயரைக் கேட்டால் பதில் குழறியது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 என்று காட்டியது. அதைப் பார்த்து நான் நிம்மதி அடைந்திருந்தால் பெரும்பாவம் வந்து சேர்ந்திருக்கும். நல்லவேளை, டிரைவர் அண்ணன் பின்னாலேயே வந்து, "எனக்கும் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது டிரெசரய்யா" என்றார். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு உடனே முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தேன். வேறு காரில் ஏற்றி அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினேன். புகை நஞ்சு என்று சந்தேகிப்பதாகச் சீட்டிலும் எழுதினேன். இரத்தப் பரிசோதனை அதையே சொன்னது. தாயும் பிழைத்தார், குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது.

அன்று மாலை நோயாளிப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். வந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே வண்டியில் வந்தவர்கள். எல்லாம் மழை நாள், அதாவது கேன்வாஸ் மூடியிருந்த நாள். அதிகம் பாதிக்கப்பட்ட பையன், முன்னால் நடு இருக்கையில் உட்காருகிறவன். பிறகு டிரைவரிடம் கேட்டேன். "வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லையே ஐயா. கிளச்சு போட்டு மூணு வாரம்தான் ஆச்சு, குதிரை மாதிரி ஓடுது" என்றார்.

மூன்று வாரம்! பிள்ளைகளுக்கு வாந்தி தொடங்கியதும் அப்போதுதான்.

கிளச்சுக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம்?

1958 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 2, 2ஏ, 3 வகை லேண்ட் ரோவர்கள் இன்னும் நம் நாட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேமரன் மலைக்குப் போனால் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரிசையாக வருவதைப் பார்க்கலாம். இவற்றில் கிளச்சுத் தட்டு மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். அதற்காக வண்டிக்குள்ளே இருந்து தரைத் தகடுகள், நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ் மூடி, இருக்கைப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றுவார்கள். வழியில் இருந்தால் புகைக்குழாயையும் கழற்றுவார்கள்.

வேலை முடிந்து திரும்பப் பூட்டும்போதுதான் வினை வருகிறது. துருப்பிடித்த திருகு போனால் போகட்டும் என்று பாதித் திருகோடு விட்டுவிடுகிறார்கள். கியர் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். புகைக்குழாய் இணைப்பில் பழைய கேஸ்கெட்டையே வைத்து முடுக்குகிறார்கள். எங்கள் வண்டியில் இந்த மூன்றும் இருந்தன. வண்டி குதிரை மாதிரி ஓடியது உண்மை. ஆனால் எஞ்சின் புகை அந்த ஓட்டைகள் வழியாக நேராக நடு இருக்கைக்கு வந்துகொண்டிருந்தது.

அந்தப் புகையில் இருப்பது என்ன?

கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. புகை நாற்றம் அடித்தால் ஆபத்து உண்டு. நாற்றம் இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு இந்த வாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். லோரி நிறையக் கல்லை ஏற்றிவிட்டால் குலை ஏற்ற இடம் எங்கே இருக்கும்? அதே கதைதான். மூளையும் இருதயமும் முதலில் தவிக்கும்.

அறிகுறிகள்: தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, சோர்வு, பிறகு குழப்பம், மயக்கம், மரணம். பார்ப்பதற்குச் சளிக்காய்ச்சல் போலவும் பிரயாண வாந்தி போலவும் இருக்கும். ஆனால் காய்ச்சல் இருக்காது. வண்டியை விட்டு இறங்கிச் சில மணி நேரத்தில் குறையும், மறுநாள் ஏறியதும் திரும்பி வரும். ஒரே வண்டியில் வந்த இரண்டு பேருக்கு ஒரே தொல்லை என்றால் சந்தேகப்படுங்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் சிறுவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் ஆபத்து அதிகம்.

விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிஜன் கருவியை இதில் நம்ப வேண்டாம். அது இந்த நஞ்சையும் பிராணவாயு என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டிவிடும்.

டீசல் வண்டிக்காரர்கள் "எங்களுக்கு இல்லை" என்று இருக்க வேண்டாம். டீசலில் இந்த வாயு குறைவு என்பது சரி. ஆனால் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-இல் அறிவித்துவிட்டது.

புகைக்குழாயைச் சோதிப்பது எப்படி?

1. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் பக்கம் "டிக் டிக்" என்று சத்தம் கேட்டுச் சூடேறியதும் குறைந்தால், புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவு இருக்கலாம்.

2. ஒருவர் தடித்த ஈரத் துணியால் வால்குழாயைச் சில நொடி மட்டும் அழுத்திப் பிடிக்கட்டும். மற்றவர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். ஓட்டை இருந்தால் "புஸ்" என்று சீறும்.

3. எஞ்சினை அணைத்து, ஆறியபின் இணைப்புகளைப் பாருங்கள். கரிக்கோடு படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. சைலன்சரின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அங்கேதான் ஈரம் தங்கித் துரு தின்னும்.

4. தரைத் தகட்டின் திருகுகளை எண்ணுங்கள். கியர் கம்பி ரப்பரைத் தடவிப் பாருங்கள். உள்ளே இருந்து பார்த்தால் கீழே மண் தெரிகிறதா? மண் தெரியும் வழியில் புகையும் வரும்.

பால் டின்னை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டுவது நம்மவர் கைவேலை. பாதி வழியில் வண்டியைப் பட்டறை வரைக்கும் ஓட்டி வர அது உதவும். ஆறு மாதம் அதோடு பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

இன்னொன்று. பக்கக் கேன்வாஸை மூடிவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் திறந்து ஓட்டினால் காற்று வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடும் வண்டியின் பின்னால் சுழலும் காற்று, வால்குழாய்ப் புகையை வாரி உள்ளே கொண்டு வரும். முன்பக்கக் காற்று வழிகளைத் திறந்து வையுங்கள்.

கிளச்சின் நோய்கள்

கிளச்சு வழுக்கினால் எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது, கருகல் நாற்றம் வரும். மேட்டில் எஞ்சின் முழு வேகத்தில் புகை கக்க, வண்டி நத்தை போல ஊரும். அந்தப் புகை விலகிப் போகாமல் வண்டியோடு கூடவே வரும். ஆகவே வழுக்கும் கிளச்சும் ஓட்டைக் குழாயும் சேர்ந்தால் இரட்டை ஆபத்து.

சோதனை எளிது. சமதரையில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், கைப்பிரேக்கை முழுவதும் இழுத்து, டாப் கியரில் போட்டு மெதுவாகக் கிளச்சை விடுங்கள். எஞ்சின் உடனே நின்றால் நல்லது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச்சு வழுக்குகிறது.

தட்டு தேய்ந்திருக்கலாம், அல்லது எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் எண்ணெய் சொட்டினால் உள்ளே சீல் கசிகிறது என்று பொருள். ஆழமான ஆற்றைக் கடக்கும்போது அந்தத் துளையை ஒரு திருகால் மூடுவார்கள். கடந்தபின் அதைக் கழற்ற மறந்தால் எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கிளச்சைக் கெடுத்துவிடும். புதுத் தட்டு வாங்குமுன் இந்தத் துளையைப் பாருங்கள்.

மிதியை மிதித்தும் கியர் விழாமல் கரகரவென்று உராய்ந்தால், முதலில் கிளச்சு எண்ணெயைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தாலோ உள்ளே காற்று புகுந்திருந்தாலோ இப்படி ஆகும். டிரைவரின் செருப்பில் ஈரம் பட்டால் மேல் சிலிண்டர் கசிகிறது. அதில் பிரேக் எண்ணெய் தவிர எஞ்சின் எண்ணெய் ஊற்றக் கூடாது, ரப்பர் உப்பிப்போகும். பிரேக் எண்ணெய் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மெக்கானிக் தம்பிமார்களுக்கு

பழைய கிளச்சுத் தட்டிலும் பிரேக்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூளைக் காற்றுக் குழாயால் ஊதினால் கண்ணுக்குத் தெரியாத நார் நெஞ்சுக்குள் போய்த் தங்கும். நோய் தலைகாட்ட 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகும். அன்றைக்கு எந்த மாத்திரையும் அதை வெளியே எடுக்காது. ஆகவே ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் போட்டுக் கட்டுங்கள். மூக்கில் கட்டும் சாதாரணத் துணி இதற்குப் போதாது. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூள் படிந்த சட்டையைத் துவைத்த மனைவிமாருக்கே நோய் வந்திருக்கிறது. புகை பிடிக்கிறவருக்கு நுரையீரல் புற்று அபாயம் பல மடங்கு. புதுத் தட்டு வாங்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கைப்பிரேக். இந்த வண்டிகளில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸின் பின்னால் உள்ள தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலோ, தண்டைக் கழற்றினாலோ கைப்பிரேக் இருந்தும் வண்டி உருளும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் அடியில் போகாதீர்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டவும் வேண்டாம்.

முதலுதவி

முதலில் எஞ்சினை அணைத்துக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். பாதிக்கப்பட்டவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். மூச்சு இருந்து நினைவு இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர், காப்பி எதுவும் ஊற்றாதீர்கள். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி உயிர்மூச்சு கொடுங்கள், 999-ஐ அழையுங்கள். கிளினிக்கில் ஆக்சிஜன் இருந்தால் உடனே முகமூடி வழியாகக் கொடுக்க வேண்டும். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறைய 5 மணி நேரம் வரை ஆகும்; ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் காட்டுங்கள்.

முக்கியமாக ஒன்று: அவரை அதே ஜீப்பில் ஏற்றி அனுப்பாதீர்கள்!

நம் உரிமை

"இந்த வண்டியை ஓட்டலேன்னா வேலை போயிடும்" என்று டிரைவர்கள் பயப்படுகிறார்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 1-6-2024 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று ஒரு தொழிலாளி நியாயமான காரணத்தோடு நம்பி, முதலாளி அதை நீக்கத் தவறினால், அந்த ஆபத்தை விட்டு விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. ஆனால் வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். கோளாறைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள், ஒரு நகலைச் சங்கக் கிளையில் வையுங்கள். தலைவலி என்று கிளினிக்குக்கு வந்தால், எந்த வண்டியில் வந்தீர்கள் என்பதையும் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.

எங்கள் வண்டிக்கு அன்று ஆன வைத்தியம் ஒரு கேஸ்கெட், ஒரு ரப்பர், ஒரு கைப்பிடித் திருகு, அரைநாள் வேலை. அவ்வளவுதான். அடுத்த மழைக்கு அந்தப் பையன் அதே நடு இருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்குப் போனான். கிளினிக் பக்கம் வரவில்லை.

அன்று முதல் தலைவலி, வாந்தி என்று யார் வந்தாலும் நாடி பிடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்கிறேன்: "எதுல வந்தீங்க?" நீங்களும் கேளுங்கள்.