செருப்பணிந்து தொடவேண்டிய ஓவனா உங்களது?

பிரியாணிக்குத் தம் போடும்போது சட்டியின் அடியில் தணலைக் குறைத்து, மூடியின் மேலும் தணலை அள்ளி வைப்பது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். மேலும் கீழும் சூடு, நடுவில் பண்டம், வெளியேற வழியின்றி அடைபட்ட வெப்பம். மின்சார ஓவனின் தத்துவமும் இதுவே. தணல் இருந்த இடத்தில் மின்கம்பிச் சுருள் இருக்கிறது. சட்டி இருந்த இடத்தில் இரும்புப் பெட்டி இருக்கிறது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், ஓவன் முரண்டு பிடித்தவுடன் 'போய்விட்டது, இனிப் புதிதுதான்' என்று முடிவு கட்டும் அவசியம் பெரும்பாலும் நேராது. ('அவன்' என்று எழுதினால் யார் என்று கேட்பார்கள், ஆதலால் 'ஓவன்' என்றே எழுதுகிறோம்.)

மேசை மீது வைக்கும் சிறு ஓவனும் உண்டு. மேலே நான்கு தட்டுகளும் கீழே ஓவனுமாக நிற்கும் பெரிய ரேஞ்சும் உண்டு. வளைகுடா நாடுகளின் அடுக்ககங்களில் குடியிருப்போருக்குப் பின்னது பழகிய பொருள். ஊரிலுள்ள இல்லங்களில் முன்னதே மிகுதி. அவற்றுள் பல, பயணத்திலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தவை. நோன்பு மாதத்திலும் பெருநாளிலும் ஓயாது உழைத்துவிட்டு, ஆண்டின் எஞ்சிய நாள்களைப் பரண் மீது கழிப்பவை. உழைப்பதனால் வரும் பழுதைவிட, இவ்வாறு உறங்குவதனால் வரும் பழுதே ஆபத்தானது. எனவே அதனையே முதலில் பார்ப்போம்.

'தொட்டால் சுருக்கென்கிறது'

ஓவனைப் பற்றி இல்லத்தரசியர் கூறும் குறைகளுள் உயிரோடு தொடர்புடையது இது ஒன்றே. ஆயினும் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுவே. 'செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு', 'பலகை மேல் நின்று திற' என்று உம்மா மகளுக்கும், மாமி மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்து, ஆண்டுக்கணக்கில் அந்த ஓவனிலேயே கேக் சுடும் வீடுகள் உண்டு. ஈரக் கையோடு, வெறுங்காலோடு, அவசரத்தில் ஒருநாள் தொட நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சுருக்கென்பது ஏன்? ஓவனுக்குள் குழல்போல வளைந்து கிடக்கும் காயிலின் நடுவே நிக்ரோம் என்னும் நிக்கல், குரோமியக் கலப்புக் கம்பி உள்ளது. மின்சாரம் ஓடுவது அக்கம்பியில்தான். கம்பிக்கும் வெளிக்குழலுக்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூள் இறுக அடைக்கப்பட்டிருக்கும். அத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் பத்துப் பதினொரு மாதம் கிடந்த காயிலில் ஈரம் ஏறினால், தூளின் தடுப்பு தளர்கிறது. மின்சாரம் குழலுக்கும், குழலிலிருந்து ஓவனின் உடலுக்கும் கசிகிறது.

எர்த் கம்பி சரியாக இருந்தால் கசியும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். வீட்டில் ஆர்.சி.சி.பி. எனப்படும் 30 மில்லி ஆம்பியர் காப்புச் சுவிட்ச் பொருத்தியிருந்தால், அது உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும். எர்த் இல்லையேல், அம்மின்சாரம் ஓவனின் உடலில் ஒரு கைக்காகக் காத்திருக்கும். சுருக்கென்பது காயிலின் குறையை மட்டுமன்று, எர்த்தின் குறையையும் சேர்த்தே அறிவிக்கிறது.

ஆகவே பிளக்கைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரீஷியனை அழைத்து, முதலில் சுவரிலுள்ள பிளக் பாயிண்ட்டின் பெரிய துவாரத்தில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஓவனை மெக்கர் கருவியால் சோதிக்கட்டும். ஈரம் மட்டுமே காரணமென்றால் காயிலை உலர்த்திச் சரிசெய்யலாம். குழல் வெடித்திருந்தால் மாற்றவேண்டும். 'ஓவனைப் போட்டாலே மெயின் விழுகிறது' என்று சொல்லி எர்த் கம்பியை வெட்டிவிடும் பணியாளரும் இருக்கிறார்கள். அவரை மறுமுறை வீட்டுக்குள் விடவேண்டாம்.

கடல் கடந்து வந்த பிளக்

துபாய், மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் ஓவன்களில் மூன்று தட்டைக் கால்களும் உள்ளே 13 ஆம்பியர் ஃபியூசும் கொண்ட பிளக் இருக்கும். நம் நாட்டுப் பாயிண்ட்டில் அது நுழையாதாகையால், இடையில் ஒரு மாற்று பிளக்கைச் செருகுவார்கள். மலிவான மாற்று பிளக்குகள் பலவற்றில் எர்த்துக்கு இணைப்பே இராது. அதனை வெட்டியெறிந்து, நம் ஊரின் பெரிய 16 ஆம்பியர் பிளக்கைப் பொருத்துவதே முறை. 2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பாயிண்ட் அதனைத் தாங்காது. பிளக் பழுப்பேறி, கருகிய வாடை வீசும். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் ஆகாது. பெரிய ரேஞ்சுக்கோ மெயினிலிருந்து தனி லைனே வேண்டும்.

சவூதி அரேபியாவிலிருந்து வந்த பழைய சாதனமாயின் பின்புறத் தகட்டைப் படித்துப் பாருங்கள். அங்கு நெடுங்காலம் வீடுகளில் 127 வோல்ட் மின்சாரமும் வழங்கப்பட்டது. அதற்கென்றே செய்த காயிலை நம் 230 வோல்ட்டில் இணைத்தால் மூன்று மடங்குக்கும் மேலான சூடு எழுந்து கருகிவிடும்.

சூடே ஏறவில்லையா?

பழுதுபார்ப்பவர் எடுத்த எடுப்பில் 'காயில் போச்சு' என்பார். அதற்கு முன் நீங்கள் பார்க்கவேண்டியவை உண்டு. சிறு ஓவனில் டைமர் பூஜ்ஜியத்தில் நின்றால் மற்றக் குமிழ்களை எவ்வளவு திருகினாலும் சூடேறாது. எண் கடிகாரம் கொண்ட ரேஞ்சுகள் பலவற்றில், மின்சாரம் போய் வந்தபின் மணியைத் திருத்தி வைக்கும்வரை ஓவன் இயங்காது. இதற்காகவே ஆள் அழைத்துக் கூலி கொடுத்தவர்கள் பலர்.

இவை சரியாக இருந்தும் மேற்புறம் மட்டுமோ, அடிப்புறம் மட்டுமோ குளிர்ந்து கிடந்தால் காயிலை ஐயுறலாம். பிளக்கைக் கழற்றி, காயிலின் ஒரு முனை வயரையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரில் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்டும். 1000 வாட் காயில் சுமார் 53 ஓம். முள் அசையவே இல்லையென்றால் கம்பி அறுந்துவிட்டது. இந்த எண்களை அறிந்தவர் வீட்டில், நல்ல காயிலைக் கழற்றிக்கொண்டு போக எவரும் துணியார்.

காயிலை மாற்றுகையில் உள்ளே செல்லும் வயரையும் கவனியுங்கள். அது கண்ணாடி நாரோ, சிலிக்கோனோ போர்த்திய வெப்பம் தாங்கும் வயராக இருக்கவேண்டும். வீட்டு வயரிங்கின் சாதாரண பி.வி.சி. வயரைப் போட்டால் சில நாள்களில் உருகி ஒட்டிக்கொள்ளும். உள்விளக்கும் அப்படியே. ஓவனுக்கென்று 300 டிகிரி தாங்கும் பல்பு தனியே கிடைக்கிறது.

சர்க்கரைச் சோதனை

கேக்கின் மேற்புறம் கருகி உள்ளே மாவாகவே இருந்தால் சமையல் செய்தவரைக் குறைகூறுவது வழக்கம். குற்றம் தெர்மோஸ்டாட்டுடையதாகவும் இருக்கலாம். அதனை அறிய ஓர் எளிய வழி உண்டு. சர்க்கரை உருகுவது ஏறத்தாழ 186 டிகிரி செல்சியசில். ஓவனை 175 டிகிரியில் வைத்து, நன்கு காய்ந்தபின், அலுமினியத் தாளில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கால் மணி நேரம் வையுங்கள், உருகக்கூடாது. பிறகு 190 டிகிரியில் புதுச் சர்க்கரையை வையுங்கள், உருகவேண்டும். 175இலேயே உருகினால் உங்கள் ஓவன் கூடுதலாகக் காய்கிறது. 190இலும் உருகாவிட்டால் குறைவாகக் காய்கிறது. சிறு வேறுபாடாயின் குமிழைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். மிகுதியாயின் தெர்மோஸ்டாட்டை மாற்றவேண்டும். உள்ளே விசிறி சுழலும் ஓவனாயின் சமையல் குறிப்பில் உள்ளதைவிட 20 டிகிரி குறைத்து வைப்பது பொதுவிதி.

கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டை இருந்தால், ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வந்துவிட்டால் பட்டை தளர்ந்துவிட்டது.

துப்புரவும் ஓய்வும்

உட்சுவரில் படிந்த கொழுப்பைக் கத்தியால் சுரண்டவேண்டாம். ஆப்பசோடாவை நீரில் குழைத்துப் பூசி, இரவு முழுதும் விட்டு, காலையில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். காயில் மீது பூசலாகாது. சூடான கண்ணாடிக் கதவில் தண்ணீர் தெளிப்பதும், ஓவனின் அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரிப்பதும் கூடா. ரேஞ்சின் வார்ப்பிரும்புத் தட்டுகள் துருப்பிடிக்காதிருக்கத் துடைத்து உலர்த்தி, ஒருதுளி எண்ணெய் தடவுங்கள். அவற்றின் மேல் அடி வளைந்த பாத்திரம் வைத்தால் மின்சாரம் வீணாகும்.

பரணில் வைக்கும்போது பிளாஸ்டிக் உறையில் கட்டாமல் பருத்தித் துணியால் மூடுங்கள். மாதம் ஒருமுறை இறக்கி, 100 டிகிரியில் கால் மணி நேரம் வெறுமனே ஓடவிடுங்கள். காயிலில் ஏறிய ஈரம் அதிலேயே வெளியேறிவிடும். அந்த ஓட்டத்தின்போது ஓவனின் உடலைத் தொடாதீர்கள். டெஸ்டரை மட்டும் வைத்துப் பாருங்கள். அது ஒளிர்ந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரீஷியனுக்கு அன்றே ஆளனுப்புங்கள்.