தலை சாயாத மேடை விளக்கு

மேடையில் நாட்டியம் நடக்கிறது. மேலே குறுக்குக் குழாயில் தொங்கும் விளக்கு ஒன்று ஆடுபவரின் முகத்தில் ஒளி பாய்ச்சிக் கொண்டிருக்கிறது. திடீரென்று அது தலையைத் திருப்பிக் கூரையை நோக்குகிறது. அடுத்த நொடி கூட்டத்தின் மேல் ஒளியை வீசுகிறது. மீண்டும் அதே முகத்துக்கு வந்து அசையாமல் நிற்கிறது. மாணவர்களே, இத்தகைய விளக்குகளைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். "மோட்டார் திருப்புகிறது, இதில் என்ன புதுமை?" என்று கேட்கலாம். மோட்டார் இருந்தால் மட்டும் போதாது. விளக்கைத் தாங்கும் அச்சு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

விளக்கு திரும்பிய கதை

முன்பெல்லாம் மேடை விளக்கை ஏணி மேல் ஏறித் திருப்பி, திருகை முடுக்கிவிடுவார்கள். நிகழ்ச்சி முடியும் வரை அது ஒரே இடத்தைத்தான் பார்த்துக் கொண்டிருக்கும். அமெரிக்காவில் டல்லஸ் நகரிலிருந்த ஷோகோ நிறுவனத்தின் பொறியாளர்கள், மோட்டாரால் நிறம் மாறும் விளக்கு ஒன்றை உருவாக்கி வந்தார்கள். 'இன்னும் இரண்டு மோட்டார்களைச் சேர்த்தால் விளக்கே திரும்புமே!' என்ற எண்ணம் அப்போது பிறந்தது. அதன் விளைவுதான் 'வேரி-லைட்' என்னும் விளக்கு. 1981 செப்டம்பர் 25 அன்று, ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில், எருதுச் சண்டை அரங்கம் ஒன்றில் ஜெனிசிஸ் இசைக்குழுவின் நிகழ்ச்சியில் அது முதன்முதலாக அரங்கேறியது.

இவ்வகை விளக்கில் மூன்று பகுதிகள் உண்டு. குழாயோடு கிளாம்பினால் பிணைக்கப்பட்டிருப்பது அடிப்பகுதி. அதிலிருந்து கவட்டை போல் இரு கைகள் நீண்டிருக்கும். இதற்கு 'யோக்' என்று பெயர். அவ்விரு கைகளுக்கும் நடுவே விளக்கின் தலை தொங்குகிறது. யோக் முழுவதும் இடவலமாகச் சுழல்வதற்கு ஒரு மோட்டார். தலை மேலும் கீழும் சாய்வதற்கு மற்றொரு மோட்டார்.

மாணவர்கள் கற்ற பாடம்

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்காகச் சில மாணவர்கள் இப்படி ஒரு விளக்கைத் தாங்களே செய்தார்கள். தலையின் நிறை 3 கிலோகிராம். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, பெட்டியின் நட்டநடுவில் துளையிட்டு அச்சைப் பொருத்தினார்கள். ஆனால் கனமான லென்ஸ் முன்புறம் இருந்ததால், ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 5 செ.மீ. முன்னால் இருந்தது. ஒத்திகையின்போது மின்சாரம் நின்றதும் விளக்கின் தலை 'தடா'லென்று கவிழ்ந்து யோக்கில் மோதியது. லென்ஸ் உடைந்து துண்டுகள் மேடையில் சிதறின. நல்ல வேளையாகக் கீழே யாரும் இல்லை.

தவறு எங்கே? கணக்கிட்டுப் பார்ப்போம். விளக்கு கிடைமட்டமாக இருக்கும்போது அதைக் கவிழ்க்க முயலும் திருப்புத்திறன் 3 × 9.8 × 0.05 = 1.47 நியூட்டன் மீட்டர். அந்த விளக்கின் நிலைமத் திருப்புத்திறன் ஏறக்குறைய 0.03 கி.கி. மீ². அது ஒரு நொடியில் 180 பாகை திரும்ப வேண்டுமானால், முதல் பாதியில் வேகம் கூடி, மறுபாதியில் குறைந்து நிற்க வேண்டும். அதற்குத் தேவையான திருப்புத்திறன் 0.38 நியூட்டன் மீட்டர்தான். அதாவது, விளக்கைத் திருப்புவதற்கு வேண்டியதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கை, அதைக் கவிழாமல் தாங்குவதற்கே மோட்டார் செலவிட்டுக் கொண்டிருந்தது!

எடையைக் கட்டலாமா?

"பின்புறத்தில் ஓர் எடையைக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்றான் ஒரு மாணவன். கிணற்று ஏற்றத்தில் துலாவின் பின்முனையில் கல் கட்டுவார்கள் அல்லவா, அதே யோசனைதான். அச்சிலிருந்து 20 செ.மீ. பின்னால் முக்கால் கிலோ இரும்பைக் கட்டினார்கள். 3 × 5 = 0.75 × 20. தராசு சமன்! விளக்கு இப்போது கவிழவில்லை. ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. வேகமாகத் திருப்பி நிறுத்தினால் விளக்கு நிற்காமல் குறியைத் தாண்டி ஓடியது.

காரணம் இதுதான். சமநிலைக்கு, நிறையைத் தூரத்தால் பெருக்குகிறோம். நிலைமத்துக்கோ, தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 0.75 × 0.2 × 0.2 = 0.03. ஆகவே, அந்தச் சிறு இரும்புத் துண்டு விளக்கின் நிலைமத்தை இருமடங்காக்கிவிட்டது.

அதே சமநிலைக்கு 10 செ.மீ. தூரத்தில் ஒன்றரைக் கிலோவைக் கட்டியிருந்தால், கூடும் நிலைமம் 0.015 மட்டுமே. வியப்பாக இல்லையா? தொலைவிலுள்ள சிறிய எடையைவிட அருகிலுள்ள பெரிய எடையே மோட்டாருக்குச் சுலபம்.

ஆனால், இவற்றையெல்லாம்விடச் சிறந்த வழி, எடை எதையும் கட்டாமல் அச்சை 5 செ.மீ. முன்னால் நகர்த்திவிடுவது. அப்போது கவிழ்க்கும் திருப்புத்திறன் மறைகிறது, நிலைமமும் 0.03-லிருந்து 0.0225 ஆகக் குறைகிறது. மாணவர்கள் அப்படியே புதிய துளையிட்டார்கள். அதே மோட்டார், விளக்கைப் பூப்போலத் திருப்பியது.

இரண்டு நிலைகளில் சோதனை

சமநிலையை ஒரே நிலையில் சோதித்தால் போதாது. மோட்டாரைக் கழற்றிவிட்டு விளக்கைக் கிடைமட்டமாக வைத்துக் கையை எடுங்கள். நின்றால் முன்பின் சமநிலை சரி. அடுத்து, அதை நேர் மேலே நோக்கி வைத்துக் கையை எடுங்கள். இப்போது சாய்ந்தால், ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலோ கீழோ விலகியிருக்கிறது என்று பொருள். இரு நிலைகளிலும் நின்றால்தான் எந்தக் கோணத்திலும் நிற்கும்.

யோக்கின் செங்குத்து அச்சுக்கும் இது பொருந்தும். அந்த அச்சு சரியாகச் செங்குத்தாக இருக்கும் வரை, புவியீர்ப்பால் அதைச் சுழற்ற இயலாது. ஆனால் தலை ஒருபுறம் தள்ளியிருந்தால், வேகமாகச் சுழலும்போது குழாய் முழுவதும் ஆடும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, விளக்கு ஒரு பக்கம் திரும்பும்போது குழாயை மறுபக்கம் முறுக்குகிறது என்பதையும் மறவாதீர்கள். குழாய் ஆடி, ஒளிக்கற்றை 1 பாகை பிசகினால்கூட, 20 மீட்டர் தொலைவில் ஒளிவட்டம் 35 செ.மீ. விலகிவிடும். முகத்தில் விழ வேண்டிய ஒளி தோளுக்கு அப்பால் விழும்! இக்காரணத்தால்தான் உறுதியான கிளாம்புகளால் விளக்கைப் பிணைக்கிறார்கள். கிளாம்பு கழன்றாலும் விளக்கு கீழே விழாதபடி எஃகு வடம் ஒன்றையும் தனியே கட்டுகிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு டார்ச் விளக்கை நீண்ட அட்டைப் பெட்டியில் அசையாமல் பொருத்துங்கள். பெட்டியின் குறுக்கே சைக்கிள் கம்பி ஒன்றைச் செருகி, கம்பியின் இரு முனைகளையும் இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் வையுங்கள். பெட்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமாகக் கம்பியை நகர்த்திப் புதிய துளையிடுங்கள். பிறகு பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தியும் சோதியுங்கள். எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும் ஓர் இடம் கிடைக்கும். அந்த இடத்தில் பெட்டியைச் சுண்டுவிரலால் தட்டிப் பாருங்கள். எவ்வளவு சிறிய விசைக்கு அது திரும்புகிறது!

இனி மேடை விளக்கு ஒன்று சுழன்று ஆடுவதைக் காணும்போது, அதன் மோட்டாரின் வலிமையை மட்டும் வியக்காதீர்கள். பாரம் முழுவதையும் அச்சு சுமந்து கொள்வதால், மோட்டாருக்குத் திருப்பும் வேலை ஒன்றே மிஞ்சுகிறது.