ஒரு பீரங்கிக்கு எத்தனை கையெழுத்து?

ராணுவத்துக்குப் பீரங்கி வேண்டுமென்றால் தளபதி கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. அந்தத் தேவை நியாயமானதுதான் என்று பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான தளவாடக் கொள்முதல் கவுன்சில் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் டெண்டர், பாலைவனத்திலும் பனிமலையிலும் சுட்டுப் பார்க்கும் சோதனை, விலை பேசும் குழு, நிதி அமைச்சகம். தொகை பெரிதென்றால் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவரை கோப்பு போகும். போபர்ஸ் ஹோவிட்சர் பீரங்கி ஒப்பந்தம் 1986-ல் கையெழுத்தானது. ஊழல் புகாரில் ஆட்சியே ஆட்டம் கண்டபின், அடுத்த ஹோவிட்சர் ஒப்பந்தத்துக்கு 2016 வரை காத்திருந்தார்கள். அமெரிக்காவின் எம்777, மொத்தம் 145 பீரங்கிகள்.

ஏன் இத்தனை சுற்று? பிரிட்டிஷ் ஆட்சியில் படைகளின் தலைமைத் தளபதியே வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலும் உட்கார்ந்திருந்தார். கேட்பவரும் அவர்தான், கேட்டதற்காக வாதாடுபவரும் அவர்தான். 1946 இடைக்கால அரசில் பல்தேவ் சிங் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றபோது அந்த நாற்காலி சீருடை அணியாதவர் கைக்கு வந்தது. 1955-ல் ‘தலைமைத் தளபதி’ என்ற பதவிப் பெயரையே எடுத்துவிட்டார்கள். அரசியல் சட்டப்படி முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவருக்கு. நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர். துப்பாக்கி வைத்திருப்பவரிடமே கஜானா சாவியும் இருந்த நாடுகள் பட்ட பாட்டை நினைத்தால், கோப்பு நகர்வதிலுள்ள தாமதத்தை என்னால் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் சீருடைக்காரர்களின் மனக்குறையிலும் நியாயம் உண்டு. படைத் தலைமையகங்கள் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வெளியே நிற்க, ஆயுதத்தைத் தொட்டுப் பார்க்காத அதிகாரிகள் கோப்பில் குறிப்பெழுதினார்கள். கார்கில் போருக்குப் பிறகு, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான ஆய்வுக் குழு இந்தப் பிளவைச் சுட்டிக்காட்டியது. முப்படைகளுக்கும் பொதுவாக ஒரு பாதுகாப்புப் படைத் தலைவர் (சி.டி.எஸ்.) வேண்டும் என்று 2001-ல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்தது. அந்தப் பதவியில் பிபின் ராவத் அமர்ந்தது 2020 ஜனவரி 1-ல். அமைச்சகத்துக்குள்ளேயே ராணுவ விவகாரத் துறை என்று ஒன்று உருவாகி, சீருடையில் இருப்பவர் அதன் செயலாளர் ஆனார். பாதுகாப்பு, தளவாட உற்பத்தி, ஆராய்ச்சி, முன்னாள் படைவீரர் நலன் ஆகியவை மற்ற நான்கு துறைகள்.

எல்லையில் நிற்பவர்கள் எல்லோரும் இந்த அமைச்சகத்தின் ஆட்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லைப் பாதுகாப்புப் படை உள்துறையைச் சேர்ந்தது. ஆனால் கடலோரக் காவல்படையும், கல்லூரி மைதானத்தில் அணிவகுக்கும் என்.சி.சி.யும் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் வரும்.

2025-26 பட்ஜெட்டில் இந்த அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் விமானம், கப்பல், பீரங்கி போன்ற மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.60 லட்சம் கோடி.