ஈரலின் தழும்பும் இரத்தத்தின் சான்றும்

வலியின்றி வளரும் நோயே பெரிதும் அஞ்சத்தக்கது. 1989-ஆம் ஆண்டிற் கண்டறியப்பெற்ற ஹெப்பட்டைட்டிஸ் சி வைரஸ் அத்தகைய நோயை விளைப்பது. அது கல்லீரலிற் புகுந்து, பல்லாண்டு யாதொரு குறியும் காட்டாது தங்கி, ஆங்குள்ள உயிரணுக்கள் அழியக் காரணமாகின்றது. அழிந்த இடங்களில் நார்த்தழும்பு படர்கின்றது. அது முற்றின் ஈரல் இறுகிச் சுருங்குகின்றது.

இதனை இரத்தம் எங்ஙனம் அறிவிக்கின்றது? ஈரலணுக்கள் சிதையுங்கால் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் நொதிகள் குருதியிற் கசிந்து மிகுகின்றன. ஆயின், இவை இயல்பளவில் நிற்பதுகொண்டு தழும்பில்லை எனத் துணிதல் தவறு. முற்றிய தழும்பு ஈரலினூடே செல்லும் இரத்தவோட்டத்தைத் தடுப்பதால், மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தன்பாற் சிறைசெய்கின்றது. அவற்றின் தொகை குருதியிற் குறைகின்றது.

இக்குறிகளை ஒருங்கு நோக்குவதே ஃபிப்-4 என்னும் கணக்கு. வயதை ஏ.எஸ்.டி. அளவாற் பெருக்குக, ஆயிரக்கணக்கிற் கூறிய தட்டணுத் தொகையை ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தாற் பெருக்குக. முன்னதைப் பின்னதால் வகுக்க. 60 வயதினர் ஒருவருக்கு ஏ.எஸ்.டி. 80, ஏ.எல்.டி. 64, மைக்ரோலிட்டருக்குத் தட்டணு 1,00,000 எனின், விடை 6. இது 3.25-க்கு மேற்படின் தழும்பு முற்றியதென ஐயுறற்பாலது, 1.45-க்குக் குறையின் அங்ஙனம் இருத்தல் அரிது.

இன்று 8 முதல் 12 வாரம் மாத்திரை உண்பாருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் அளவிற்கு வைரஸினின்றும் விடுபடுகின்றனர். எனினும், ஈரல் இறுகியபின் குணமடைந்தார்க்குப் புற்றுநோய் அச்சம் முழுதும் நீங்குவதில்லை. ஆதலின், பரிசோதியாத இரத்தம் ஏற்றாரும், தூய்மையற்ற ஊசிக்கு உட்பட்டாரும், ‘நலமாயுள்ளோம்’ என்றிராது, காலந்தாழ்த்தாமற் சோதித்தறிவாராக என வேண்டுகின்றோம்.