மோட்டார் வண்டித் திறப்பின் பழுதறிதலும் திருத்துதலும்

மலர்க் குழுவினர் எம்மை அணுகி ஒரு கட்டுரை வேண்டியபோது, தமிழாசிரியர் என்னும் முறைமையால் யாம் இலக்கணத்தைப் பற்றியோ புராண படனத்தைப் பற்றியோ எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மோட்டார் வண்டியின் திறப்பு. பயிற்றப்பட்ட தமிழாசிரியருக்கும் இலத்திரனியற் கருவிக்கும் யாது தொடர்பு என வினவுவோர் உளராயின், அத்தொடர்பு 2023ஆம் ஆண்டு மார்கழி மாதத்து மழையிரவு ஒன்றில் எம்மீது தானே வந்து பொருந்தியது என்பதே விடையாகும்.

அன்றிரவு எம் அன்னையாருக்கு இழுப்பு மிகுந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு முற்றத்தில் நின்ற வண்டியை நோக்கித் திறப்பின் பொத்தானை அமுக்கினோம். கதவு திறக்கவில்லை. அருகிற் சென்று அமுக்கினோம், பலமுறை அமுக்கினோம், பயனில்லை. எம் வண்டி யப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்தபின் இந்நாட்டுக்கு வந்தது. அதனுடன் வந்த திறப்பு ஒன்றே. வந்த கைந்நூலும் யப்பான் மொழியில் இருந்தமையால் அதனை யாம் ஒருநாளேனும் விரித்துப் பார்த்ததில்லை. கதவிற் பழைய முறைப்படி ஒரு திறப்புத் துவாரம் இருந்தது. ஆனால் அதில் இடுதற்குரிய இரும்பு அலகு எங்குளது என்பது தெரியவில்லை. அயலவர் ஒருவரின் முச்சக்கர வண்டி வந்து சேர அரைமணி நேரம் சென்றது. அன்னையார் நலம்பெற்று வீடு மீண்டார். ஆயினும் அவ்வரைமணி நேரம் எம்மை இன்றும் உறுத்துகின்றது. ஏனெனில், வண்டியைத் திறப்பதற்கும் இயக்குவதற்கும் வேண்டிய யாவும் அப்பொழுதும் எம் கையிலேயே இருந்தன.

மறுநாள் பட்டணத்திற் காட்டியபோது, திறப்பு முழுவதும் பழுதென்றும் புதிது செய்விக்க வேண்டுமென்றும் கூறப்பட்டது. கேட்ட தொகை எம் ஒரு மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி. மனம் ஒவ்வாது திரும்பும் வழியில், கைத்தொலைபேசி திருத்தும் சிறு கடையொன்றிலிருந்து ஒருவர் எம்மைக் கண்டு எழுந்து நின்றார். அவர் எம்மிடம் ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற மாணவர். தமிழ்ப் பாடத்தில் யாம் அவருக்கு நூற்றுக்கு இருபதின் மேல் வழங்கியதாக நினைவில்லை. திறப்பை வாங்கிக் கூட்டைப் பிரித்து, பெருக்குக் கண்ணாடியால் நோக்கி, “சேர், இதுக்கு ஒண்டும் இல்லை, பொத்தானிலை ஈயம் விட்டிட்டுது, பற்றரியும் முடிஞ்சு” என்றார். கால்மணி நேரத்திற் காரியம் முடிந்தது. காசு கொடுக்க முற்பட்டபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். அன்றுமுதல் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அக்கடையில் அமர்ந்து யாம் மாணவரானோம். அவ்வாறு கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தார் வழங்கும் ‘சாவி’ போர்த்துக்கேய மொழியினின்றும் வந்தது. ஈழத்து வழக்கான ‘திறப்பு’ தமிழ்ச்சொல். திறத்தலாகிய தொழிலின் பெயர் அத்தொழிற்குரிய கருவிக்கு ஆகிவந்தமையின் தொழிலாகுபெயர். திறவாத திறப்பை அப்பெயரால் அழைக்கலாமோ என்பதை இலக்கணம் வல்லார் தீர்ப்பாராக.

பகுபதத்தைப் பிரித்துப் பகுதி, விகுதி, இடைநிலை என உறுப்புக் காணும் முறையே இங்கும் முதற்கண் வேண்டுவது. கையில் ஒரு பொருளாகத் தோன்றும் இத்திறப்பு உண்மையில் ஒன்றையொன்று சாராத மூன்று கருவிகள் ஒரு கூட்டுள் அமைந்ததாகும். முதலாவது, இரும்பு அலகு. இது வெளியே தெரியுமாறு அமைந்திருக்கும். அன்றேல், கூட்டின் ஓரத்திலுள்ள சிறு தாழை நகர்த்த உள்ளிருந்து வெளிப்படும். இரண்டாவது, வண்டியை இயக்க அனுமதி தரும் நுண்சில்லு. இதற்குப் பற்றரி வேண்டியதில்லை. திறப்பிடும் துவாரத்தைச் சூழ்ந்துள்ள கம்பிச் சுருள் ஏறத்தாழ 125 கிலோஹேட்ஸ் மீடிறனில் ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்ப, அப்புலத்தின் தூண்டலாற் பெறும் சிறு சக்தியைக் கொண்டே சில்லு தன் அடையாள எண்ணைத் தெரிவிக்கும். எண் பொருந்தாவிடின் எஞ்சின் இயங்காது. ஐரோப்பாவிற் புதிய கார்களுக்கு இவ்வகைத் திருட்டுத் தடை 1998 முதற் கட்டாயமாயிற்று. மூன்றாவது, பொத்தானை அமுக்கும்போது கதவுக்குக் கட்டளை விடுக்கும் வானொலி அனுப்பி. பற்றரி வேண்டுவது இதற்கே. யப்பானிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 315 மெகாஹேட்ஸ் அளவிலும், ஐரோப்பாவில் 433.92 மெகாஹேட்ஸ் அளவிலும் இது பேசும். கூடு ஒன்றுபோல் இருப்பினும் மீடிறன் வேறாயின் வண்டி அதனைச் செவிமடாது. கடைகளில் விலை மலிந்ததென வாங்கிய திறப்புக்கள் பல பயன்படாது போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இம்மூன்றையும் பிரித்தறிந்தோர்க்குப் பழுதின் இடம் எளிதிற் புலனாகும். பொத்தானாற் கதவு திறவாது, ஆனால் அலகை இட்டுத் திருப்ப எஞ்சின் இயங்குகிறதாயின், குறை வானொலி அனுப்பியில் அல்லது அதன் பற்றரியில் உளது. கதவு திறந்தும் எஞ்சினுக்கு அனுமதி கிடையாதாயின் நுண்சில்லை ஐயுறுக. மற்றொரு திறப்பு இருப்பின் அதனையும் சோதித்தல் வேண்டும். இரண்டும் ஒருசேரத் தொழிற்படாவிடின் குறை பெரும்பாலும் வண்டியினுடையது. வண்டியின் பெரிய பற்றரி இறங்கியிருத்தல் கூடும். கதவொன்று சரியாகச் சாத்தப்படாதிருப்பினும், வேறொரு திறப்பு உள்ளே துவாரத்தில் இருப்பினும் பல வண்டிகள் பூட்டுக் கட்டளையை ஏற்பதில்லை. இவற்றை நோக்காது திறப்பைப் பிரிப்பது வீண்வேலை.

திறப்பை இடாது, பொத்தானை அமுக்கி எஞ்சினை இயக்கும் வண்டிகளுக்கு ஒரு சிறப்பு விதி உண்டு. அவற்றின் திறப்பிற் பற்றரி முற்றாக இறந்தாலும் வழி அடைபடுவதில்லை. உள்ளே மறைந்துள்ள அலகை எடுத்துக் கதவைத் திறந்து, தடுப்பை மிதித்துக்கொண்டு, திறப்பை இயக்கும் பொத்தானோடு சேர்த்துப் பிடித்தால், பற்றரி வேண்டாத நுண்சில்லு படிக்கப்பட்டு எஞ்சின் இயங்கும். சில வண்டிகளில் திறப்பை வைக்கும் இடம் வேறாகும்; அதனைக் கைந்நூலில் முன்னரே பார்த்துக்கொள்க. எம் வண்டி இவ்வகையினது. அம்மழையிரவில் எமக்குத் தெரியாதிருந்தது இவ்வளவே.

பழுதுகளுள் மிகப் பெரும்பாலானது பற்றரியின் முதுமை. அது திடீரென வருவதன்று. இருபது அடி தூரத்திற் கேட்ட திறப்பு பத்தடியில் மட்டும் கேட்கும். பின் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாற் கேட்கும். எமக்கும் அவ்வறிகுறி மாதக்கணக்கிற் காட்டப்பட்டது, யாம் மதிக்கவில்லை. இவற்றிற் பெரிதும் வழங்குவது சீ.ஆர். 2032 என்னும் நாணய வடிவப் பற்றரி. எழுத்துக்கள் அதன் இலிதிய வகையையும் வட்ட வடிவையும் குறிக்கும்; 20 என்பது விட்டம் 20 மில்லிமீற்றர் என்பதையும், 32 என்பது தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதையும் குறிக்கும். 2025, 2016 என்பன அதே விட்டமும் குறைந்த தடிப்பும் உடையன. வோல்ற்றளவு யாவற்றிற்கும் 3 ஆதலின், மெல்லியதை இட்டுத் தாள் மடித்து முட்டுக்கொடுப்பாரும் உளர். அது சில நாளில் தளர்ந்து, இல்லாத பழுதொன்றைத் தோற்றுவிக்கும்.

புதிய பற்றரி பல்மானியில் 3 வோல்ற்றுக்குச் சற்று மேலாகக் காட்டும், 2.8க்குக் கீழ் இறங்கியதை மாற்றிவிடுதல் நன்று. ஆனால் தனியே எடுத்து அளந்த அளவை முற்றாக நம்புதல் தவறு. ஓய்ந்திருக்கும் முதிய பற்றரி நல்லதுபோற் காட்டி, வேலை கொடுத்த கணமே சோரும். பற்றரியைத் திறப்பினுள் வைத்தவாறே பொத்தானை அமுக்கி அளந்தால் உண்மை வெளிப்படும். மாற்றும்போது அதன் முகங்களை விரலாற் தொடாது விளிம்பிற் பிடிக்க. வியர்வை தொடுகைக்குக் கேடு. கூட்டல் அடையாளம் எப்பக்கம் இருந்ததெனப் பழையதை எடுக்குமுன் பார்த்துவைக்க. குழந்தைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சு இட்ட பற்றரிகள் சிலவுள. அப்பூச்சு சில திறப்புக்களில் தொடுகையைத் தடுக்கும். அதற்காக அப்பூச்சின் நோக்கத்தை இகழற்க. நாணயப் பற்றரியை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்திற் கூடப் புண்ணாகிவிடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். கழற்றிய பழையதை மேசைமேல் விடாதிருப்பது இதன்பொருட்டே.

பற்றரி புதிதாகியும் பயனில்லையெனின், அடுத்து நோக்க வேண்டியது பொத்தான். இதில் இருவகை உண்டு. சிலவற்றில் இறப்பர்த் தகட்டின் அடியிலுள்ள கரிப்பொட்டு சுற்றுப்பலகையைத் தொட்டு மின்சுற்றை மூடும். அழுக்கேறின், ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சால் இரு முகத்தையும் துடைத்தாற் போதும். கரிப்பொட்டு தேய்ந்திருப்பின் மெல்லிய 2பீ பென்சிலால் அதன்மேற் தீட்டச் சிறிது காலம் ஓடும். காரீயம் மின்கடத்தி ஆதலின் இஃது இயல்கின்றது. ஆயினும் நிலையான மருந்தன்று. மற்றைய வகையில், அமுக்கும்தோறும் ‘டிக்’ என ஒலிக்கும் நுண்ணாளி பலகையிற் பற்றாசாற் பிடிக்கப்பட்டிருக்கும். நாள்தோறும் விரலின் விசை தாக்கும் இடம் அதுவேயாதலின் பற்றாசிற் கண்ணுக்கு எளிதிற் புலனாகாத வெடிப்பு விழும். ஒரு பக்கமாகச் சாய்த்து அமுக்கினாற் கேட்கும், நேரே அமுக்கினாற் கேளாது என்னும் திறப்பில் இக்குறையையே முதலில் தேடுக. நுனி கூரிய பற்றாசுக்கோலைச் சூடாக்கிச் சிறிது இளக்கியைத் தடவி இரண்டொரு விநாடி தொட்டெடுத்தால் வெடிப்புக் கூடிவிடும். நெடுநேரம் வைத்தாற் பலகையின் செப்புப் படலமே உரிந்துவரும். எம் கை நடுங்கும் ஆதலின் இவ்வேலையை யாம் மாணவரிடமே விட்டுவிடுகின்றோம்.

நீரில் வீழ்ந்த திறப்பைப் பற்றிச் சிறிது. அரிசிப் பானையுள் இடும் வழக்கம் பயன் குறைந்தது. பற்றரியை உடனே நீக்குக. உப்புநீராயின் வடித்த நீரால் அலசி, அற்ககோலால் துடைத்து, ஓரிரு நாள் காற்றில் உலரவிட்டே மீண்டும் பற்றரி இடல் வேண்டும்.

கைத்தொலைபேசியின் கமெராவால் திறப்பைச் சோதிக்கலாம் என்று கூறுவாரை யாம் கண்டுள்ளோம். அச்சோதனை செந்நிறக் கீழ்க் கதிரை வீசும் தொலைக்காட்சிக் கருவிகளுக்கே பொருந்தும். 1980களின் தொடக்கத்தில் ரெனோ நிறுவனம் வெளியிட்ட தொலைதிறப்பு அக்கதிரையே பயன்படுத்தியது. இக்காலத்தன வானொலி அலையைப் பயன்படுத்துவதால் கமெரா ஒன்றும் காணாது. திறப்பிலுள்ள சிறு விளக்கு மின்னுவதும் அலை வெளிச்செல்கின்றது என்பதற்குச் சான்றன்று. பற்றரியும் ஆளியும் செவ்வையாயுள என்பதையே அது தெரிவிக்கும். விளக்கு மின்னியும் வண்டி கேளாதாயின், கீழே விழுந்தபோது மீடிறனைக் காக்கும் பளிங்குறுப்பு உடைந்திருத்தல் கூடும்.

மற்றொன்றும் நிகழலாம். திறப்பு ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைச் சொல்லுமாயின் கள்வன் அதனைப் பதிந்து திரும்பச் சொல்லிவிடுவான். ஆகவே ஒவ்வோர் அமுக்கலுக்கும் எண் மாறுகின்றது. வண்டியும் உடன்கணக்கு வைத்திருக்கும். தென்னாபிரிக்காவில் 1980களில் ஆக்கப்பட்டு 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்துக்கு விற்கப்பட்ட கீலொக் என்னும் முறை இவற்றுட் புகழ்பெற்றது. அதில், வந்த எண் அடுத்த 16க்குள் இருப்பின் வண்டி உடனே ஏற்கும். அதற்கு அப்பாற்பட்டதாயின், அடுத்தடுத்து இருமுறை கேட்டபின்னரே இசையும். குழந்தை வீட்டினுள் இருந்து திறப்பை அமுக்கி விளையாடியபின் அது கேளாதிருப்பின், வண்டியருகே நின்று இருமுறை அமுக்கிப் பார்க்க. வேறு நிறுவனத்தார் வேறு முறை வகுத்துள்ளனர். சிலவற்றிற் கைந்நூலிற் கண்டவாறு மீள இணக்குதல் வேண்டும். கீலொக் முறையையும் செருமனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இல் உடைத்துக் காட்டினர் என்பது தனிக்கதை.

கூடு மட்டும் உடைந்திருப்பின் வெறுங்கூடு வாங்கி உள்ளுறுப்புக்களை மாற்றலாம், செலவு சிறிது. ஆனால் நுண்சில்லு சில கூடுகளில் பலகையோடு சேராது, அரிசி மணியிற் சற்றுப் பெரிதான கரிய துண்டாகப் பிளாத்திக்கில் ஒட்டியிருக்கும். அதனை அறியாது பழைய கூட்டோடு எறிந்துவிட்டு, கதவு திறக்கின்றது, எஞ்சின் இயங்கவில்லை என வருந்தியோர் பலர் எம் மாணவரின் கடைக்கு வந்துளர். எனவே பழைய கூட்டை ஒரு கிழமையேனும் வைத்திருக்க.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 மாசியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியையும் பழைய திறப்பையும் பேணுவதன்றி எம்போல்வார்க்கு வேறு கதி இருக்கவில்லை. ஒரே திறப்போடு இருப்போர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று: அது நன்றாயிருக்கும்போதே இரண்டாவதைச் செய்விக்க. உயிருள்ள திறப்பொன்று கையிலிருப்பின் மற்றொன்றை வண்டிக்கு அறிமுகஞ் செய்தல் எளிது. யாவும் இழந்தபின் வண்டியின் நினைவகத்தையே திருத்த வேண்டிவரலாம், செலவும் பன்மடங்காகும்.

யாம் எமது இரண்டாவது திறப்பைச் சென்ற ஆண்டு செய்வித்தோம். அது வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகின்றது. உள்ளிருக்கும் அலகை வெளியே எடுக்கும் வகையை வீட்டார் அனைவரும் செய்து பார்த்துள்ளனர். எம் அன்னையாரும் இருமுறை செய்து காட்டினார்.