பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே

கிள்ளானின் பண்டமாரானில் ஒரு பட்டறை மேசைமேல் மிட்சுபிஷி 4ஜி63 டர்போ இன்ஜின் பிரித்துப் போடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஊருக்கு இது புதுக் காட்சி அல்ல. புரோட்டோன் வீரா, லான்சரின் உடற்கட்டிலிருந்து பிறந்த கார். அதனால் ஜப்பானில் பாதியாக வெட்டப்பட்டுக் கப்பலில் வரும் ‘ஹாஃப் கட்’ லான்சர் எவோவின் இன்ஜினை வீராவுக்குள் இறக்குவது நம் கார்ப் பிரியர்களின் பழைய ஆசை. 2002இல் கரம்ஜித் சிங் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றாரே, அந்தப் புரோட்டோன் பெர்ட் காரும் எவோவை அடிப்படையாகக் கொண்டதுதான்.

எவோவில் 250 முதல் 280 குதிரைத்திறன் வரை தந்த இந்த இன்ஜினிடம் 500 கேட்டால், பழைய வார்ப்புப் பிஸ்டனை நம்ப முடியாது. ஃபோர்ஜ்ட் பிஸ்டன் வாங்கியாக வேண்டும். பிளாக்கைப் போரிங்குக்கு அனுப்பும்போது போமன் (மெக்கானிக்) ஓர் எண்ணையும் சொல்லி அனுப்ப வேண்டும்: பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் கிளியரன்ஸ் எவ்வளவு?

கிளியரன்ஸ் என்பது இரண்டு விட்டங்களின் வித்தியாசம். 0.10 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 0.05 மி.மீ. மொத்தத்தையும் சேர்த்தாலும் ஒரு தலைமுடியின் தடிமனைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பிஸ்டன் அலுமினியம், 4ஜி63இன் பிளாக் வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அந்த விரிவுக்காக முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் இடம்தான் இது.

எவ்வளவு ஒதுக்குவது என்பதைப் பிஸ்டனின் உலோகம் தீர்மானிக்கிறது. சந்தையில் கிடைக்கும் ஃபோர்ஜ்ட் பிஸ்டன்கள் பெரும்பாலும் இரண்டு கலவைகளில் வருகின்றன. 4032 கலவையில் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் உண்டு. 2618இல் சிலிக்கான் இல்லையென்றே சொல்லலாம். சிலிக்கான் விரிவை அடக்கும், ஆனால் உலோகத்தை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளும். 4ஜி63இன் துளை 85 மி.மீ. அந்த அளவுப் பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் 2618 சுமார் 0.19 மி.மீ. விரியும், 4032 சுமார் 0.165 மி.மீ. அதே அளவு சூட்டில் இரும்புத் துளையோ 0.09 மி.மீ. மட்டுமே பெரிதாகும். மிச்சக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எல்லோரும் 4032ஐயே போட்டுவிடலாமே? பூஸ்ட் ஏற்றிய இன்ஜினில் நாக்கிங் வந்தால் 4032 விரிசல் விடக்கூடும். 2618 நசுங்கியாவது தாங்கும். அதனால்தான் அதிகத் திறன் தேடுகிறவர்கள் 2618 பக்கம் போகிறார்கள். 85 மி.மீ. துளையுள்ள டர்போ இன்ஜினில் 4032க்குப் பொதுவாக 0.05 முதல் 0.07 மி.மீ. வரையும், 2618க்கு 0.09 முதல் 0.10 மி.மீ. வரையும் விடுவார்கள். செப்பாங்கின் நீண்ட நேர்பாதைகளில் சுற்றுக்குச் சுற்று முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டுபவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். கெசாஸ் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருகிறவருக்கு அது வேண்டாம்.

தளர்வாக விட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். கிளியரன்ஸ் கூடினால் பிஸ்டன் ஆடும், ரிங்குகள் சுவரில் ஒழுங்காக உட்காரா, எண்ணெய் புகையும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டக் டக்’ சத்தம் கேட்கும். 2618இல் அந்தச் சத்தம் ஓரளவு சகஜம். பனி கொட்டும் நாடுகளில் அது நெடுநேரம் நீடிக்கும். கிள்ளானில் விடியற்காலையிலும் 24 டிகிரி இருப்பதால் சீக்கிரம் அடங்கிவிடும். இறுக்கமாக வைத்தாலோ சத்தமே இருக்காது. முதல் முறை முழு பூஸ்டில் மிதிக்கும்போது பிஸ்டனின் கீழ்ப்பக்கமான ஸ்கர்ட் சுவரில் உரசிக் கோடு விழும், மோசமானால் பிடித்துக்கொள்ளும். ஒன்று காதுக்குத் தொல்லை, மற்றது பிளாக்குக்கே சாவு. சந்தேகம் வந்தால் நான் தளர்வின் பக்கம்தான் நிற்பேன்.

எண் சரியாக இருந்தும் அளவெடுப்பதில் கோட்டை விடுபவர்கள் ஏராளம். பிஸ்டன் முழு வட்டம் அல்ல. ‘பிஸ்டன் பின்’ செல்லும் திசையில் ஒடுங்கியிருக்கும், தலைப்பக்கம் சிறுத்திருக்கும். அந்தப் பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டில் தயாரிப்பாளர் குறித்த உயரத்தில் மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும். சற்று மேலே வைத்தால் வேறு எண் வரும். போர் கேஜையும் அதே மைக்ரோமீட்டரில் வைத்தே சரிசெய்ய வேண்டும். ஹெட் போல்ட்டுகளை இறுக்கினால் சிலிண்டரின் வடிவம் லேசாகக் கோணும் என்பதால், நல்ல கடைக்காரர் ஹெட்டுக்குப் பதிலாக டார்க் பிளேட்டை முடுக்கிவிட்டுத்தான் ஹோனிங் செய்வார். வெப்பமும் ஏமாற்றும். குளிரூட்டிய கடையில் 22 டிகிரியில் இருந்த பிஸ்டனை அப்படியே அளந்து, தகரக் கூரையின் கீழ் 33 டிகிரியில் கிடக்கும் பிளாக்கோடு ஒப்பிட்டால், 0.02 மி.மீ. பொய்யாகக் கூடுதலாகத் தெரியும். ஒதுக்கிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது! இரண்டையும் ஓர் இரவு ஒரே அறையில் வைத்துவிட்டு மறுநாள் அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்கர்ட்டில் கறுப்புப் பூச்சு இருந்தால், அதையும் சேர்த்து அளப்பதா வேண்டாமா என்பது பிஸ்டனுக்குப் பிஸ்டன் மாறும். பெட்டிக்குள் வரும் தாளில் அது எழுதியிருக்கும். குறைந்தபட்ச கிளியரன்ஸும் அதிலேயே இருக்கும். நண்பரின் காருக்குப் போட்ட எண்ணைவிட அந்தத் தாளை நம்புங்கள். ஒரே பெட்டியில் வரும் நான்கு பிஸ்டன்களும் நூலிழை வேறுபடலாம். ஆகவே பிஸ்டன்கள் கைக்கு வரும்வரை பிளாக்கைப் போரிங்குக்குக் கொடுக்காதீர்கள். வந்ததும் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, தாளோடு சேர்த்துக் கடையில் ஒப்படையுங்கள்.